முதல் அக்ரூட்

— இப்பல்லாம் பிள்ளை வாயில ஒரு பருப்பு வைக்கணும்னா நர்சம்மாகிட்ட உத்தரவு வாங்கணுமாம். நல்லா இருக்கு. நாளைக்குக் கொட்டாவி விடுறதுக்கும் கேட்டுட்டு வருவீங்க.

— உத்தரவு கேக்கலப்பா. எப்படிக் கொடுக்கிறதுன்னுதான் கேட்டேன்.

— எப்படியா? வாயத் திறந்து உள்ள போடு. இதுக்குத்தான் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பிச்சேனா, ரானோ?

— அப்பா, அதை மெல்லாதீங்க. மென்னு இஸ்மத் வாயில வைக்கப் போறீங்க, எனக்குத் தெரியும்.

— பின்னே? இந்த வருசம் நம்ம மரத்துலேர்ந்து உதிர்ந்த முதல் காய். எங்கப்பா மென்னு என் வாயில வச்சார். நான் மென்னு உன் வாயில வச்சேன். உனக்கு என்ன கெட்டுப்போச்சு? வாய்தான் கொஞ்சம் நீண்டுபோச்சு.

— என் பிள்ளைக்கும் அக்ரூட் கொடுக்கத்தான் போறேன். ஏழு மாசமாச்சு, இனிமே தள்ளிப்போடாதேன்னுதான் நர்சம்மாவே சொன்னா. ஆனா நைசா அரைச்சு, தயிர்ல கலக்கி, முதல்ல ஒரே ஒரு துளி. அதுவும் வீட்டுல, காலை நேரத்துல. இங்க வேண்டாம்.

— இங்க என்ன, கரடியா வருது?

— இங்கேர்ந்து கீழ போக வண்டி இல்ல. மூட்டை ஏத்திட்டுப் போன ஜீப் இனி நாளைக்குத்தான் வரும். இவனுக்கு உடம்பு தடிச்சு மூச்சு திணறுச்சுன்னா, கழுதை மேல வச்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன்?

— அக்ரூட் தின்னா மூச்சு திணறுமாம். நீ உக்காந்திருக்கிறது எங்கன்னு நிமிந்து பாரு. மூணு மலைக்கு இந்த மரம்தான். நம்ம ஜனம் இந்த நிழல்லதான் கூடாரம் போட்டுச்சு, இந்த நிழல்லதான் பிள்ளை பெத்துச்சு. என் கையப் பாரு, காய்த்தோல் உரிச்ச கறை, பனி விழுந்தாத்தான் போகும். அந்த நர்சு எந்த ஊரு?

— ஓஷ் டவுன்.

— நல்லா இருக்கு. பஸ் ஸ்டாண்டுல வளந்தவ அக்ரூட்டப் பத்திச் சொல்லித் தர்றா.

— முட்டை கொடுத்தப்பவும் இப்படித்தான் சிரிச்சீங்க.

— சிரிக்காம? எறும்புக்குப் போடுற அளவு கிள்ளி வச்சுட்டு, பிள்ளை மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தே. அடுப்புல ரொட்டி கருகிப்போச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ரொட்டி இல்ல.

— ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சுதில்ல, அதுக்குத்தான் பாத்தேன். அப்புறம் வேர்க்கடலையப் பொடிச்சுக் கொடுத்தேன், அதுவும் ஒத்துக்கிச்சு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டினா எது சேரலன்னு எப்படித் தெரியும்?

— இதெல்லாம் உன் புருசன் ரஷ்யாவுலேர்ந்து போன்ல ஓதுறானாக்கும். அங்க செங்கல் தூக்குறவன் இங்க என் பேரன் வாய்க்குப் பூட்டுப் போடுறான்.

— அவர எதுக்கு இழுக்கிறீங்க? அப்பா, ஏன் செருமிட்டே இருக்கீங்க? சளின்னா பிள்ளைகிட்ட வராதீங்க.

— சளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அக்ரூட் தின்னவன் செருமாம என்ன செய்வான்? அந்த டீய இப்படித் தள்ளு. சூடா இருக்கா?

— அக்ரூட்டுக்கும் செருமலுக்கும் என்ன?

— தொண்டை அரிக்குமில்ல, அதுக்கு.

— அரிக்குமா?

— புதுசாக் கேக்கிறா பாரு. அக்ரூட் தின்னா நாக்கு அரிக்கும், உதடு தடிக்கும், தொண்டைக்குள்ள யாரோ கம்பளி நூல விட்டு இழுக்கிற மாதிரி இருக்கும். சூடா ரெண்டு வாய் குடிச்சா அடங்கும். போன வருசம் காய் நல்ல தரம், கண்ணு ரெண்டும் வீங்கிப்போச்சு.

— அப்பா.

— சின்னதுல நான் அழுவேன். எங்கம்மா சொல்லுவா, அழாதடா எர்காஷ், எனக்கும்தான் அரிக்குது, அக்ரூட்னா அப்படித்தான்னு. அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்குப் பொறுமை இருந்துச்சு.

— எனக்கு அரிக்காதுப்பா.

— நீ எதைத்தான் கவனிச்சே?

— யாருக்கும் அரிக்காது. நர்சம்மா இதத்தான் கேட்டா. வீட்டுல யாருக்காவது ஏதாவது தின்னா அரிப்பு, வீக்கம் உண்டான்னு. இல்லவே இல்லக்கா, நாங்க அக்ரூட் காட்டுக்காரங்கன்னு சொல்லிச் சிரிச்சேன்.

— சரியாத்தான் சொல்லியிருக்கே.

— அவன்கிட்டேர்ந்து அந்தக் கைய எடுங்க. அப்பா, எடுங்கன்னு சொல்றேன்.

— பாரு, என் பேரன், என் விரலப் பிடிச்சிருக்கான், எடுக்கணுமாம். ஏ சத்தார். மரத்து மேல இருக்கிறவனே. கிளை ஆட்டுறத நிறுத்து.

— என்ன எர்காஷ் அண்ணே?

— அக்ரூட் தின்னா உனக்கு நாக்கு அரிக்குமா, அரிக்காதா?

— நாக்கா? நாக்கு எதுக்கு அரிக்கணும்? பச்சைத் தோல் உரிச்சா கை வேணா எரியும்.

— உதடு?

— அண்ணே, மண்டையில காய் எதுவும் விழுந்துச்சா?

— உன் வேலையப் பாருடா. விழுந்து தொலையாதே.

— கேட்டீங்களா அப்பா?

— கேட்டேன். உனக்கும் அவனுக்கும் நாக்கு மரத்துப்போச்சு, அதான் தெரியல.

— நாளைக்கு ஜீப் வந்ததும் நீங்களும் எங்களோட கீழ வர்றீங்க. முதல்ல உங்க தொண்டைய டாக்டர் பாக்கட்டும். இவனுக்கு எப்படிக் கொடுக்கிறதுன்னும் அவரே சொல்லட்டும்.

— நல்லா இருக்கு. எழுபது வருசமாத் தின்னுட்டிருக்கேன், இப்பப் போய் வாயத் திறந்து காட்டணுமாம். நான் அந்த மேட்டு மரத்துக்குப் போறேன். இங்க உக்காந்தா எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

— கையக் கழுவிட்டுப் போங்க. அப்பா, நில்லுங்க. வாயில மென்னுட்டிருந்தீங்களே, அது எங்க?

— துப்பிட்டேன்.

— எப்போ?

— எப்பவோ. நீ சொன்னதுக்காகன்னு நினைச்சுக்காதே. அந்தக் காய் சொத்தை.