பத்துத் துளைகள்

மைதாப் பசையில் சிறிதளவு மயில்துத்தம் கலந்தால் அது ஒரு வாரம் வரையில் கெடாது, பூச்சியும் அண்டாது. இது யாவரும் அறிந்ததே. ஆயினும் எங்கள் பசையில் அதைக் கலப்பதற்கு நான் ஒருபோதும் இசைந்ததில்லை. பூச்சி செத்துவிடும் என்பதே காரணம். அதனால் மூன்றாம் நாளே பசை புளித்து நாறும். அந்த நாற்றத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டேன். ஐயா அவர்கள் என்னைப் பற்றி எழுதுவிக்கும்போது இதனையும் சேர்த்துக்கொள்வது முறையாகும்.

என் பெயர் ஜீவந்தரன். வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்த சமணன். ஆரணியில் உயர்நிலைப் பள்ளியொன்றில் கணக்காசிரியனாக இருந்து எண்பதாம் ஆண்டு ஓய்வு பெற்றேன். பொழுது சாய்ந்தபின் உண்டதில்லை. மண்ணுக்குள் விளையும் கிழங்கைத் தொட்டதில்லை. பட்டு விளையும் வகை தெரிந்தவனாதலால், பட்டு நெய்யும் ஊரில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தும் என் திருமணத்துக்குக்கூடப் பருத்தியே உடுத்தினேன். இந்த வாக்குமூலத்துக்காக என்னை எவரும் அச்சுறுத்தவில்லை. எவரும் ஆசை காட்டவும் இல்லை. சிந்திப்பதற்கென்று தாங்கள் அளித்த ஒரு நாளில் பெரும்பகுதியை உறங்கிக் கழித்தேன்.

பள்ளியில் தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தமையால் துப்பாக்கி எனக்குப் பழக்கமாயிற்று. அங்கே இருந்தவை பழைய வகை. ஒரு குண்டு சுட்டவுடன் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்து அடுத்த குண்டை ஏற்ற வேண்டும். அப்போது கன்னம் கட்டையிலிருந்து விலகும், மூச்சு கலையும், பார்வை சிதறும். எழுபத்திரண்டில் உரிமம் பெற்று, தானே குண்டேற்றிக்கொள்ளும் சிறு துப்பாக்கியொன்றைச் சென்னையில் வாங்கினேன். பத்துக் குண்டுகள் கொள்ளும் பெட்டி. பெயரைக் கேட்டு எவரும் மயங்கலாகாது. அது தானே ஏற்றிக்கொள்ளுமேயன்றித் தானே சுடாது. ஒவ்வொரு குண்டுக்கும் விரல் விசையை விட்டு மீண்டும் இழுத்தாக வேண்டும். இதனை மாணவர்க்கு நூறு முறையாவது சொல்லியிருப்பேன்.

அதில் நான் கண்ட இன்பத்தைச் சொல்லுவது கடினம். தரையில் குப்புறப் படுத்து, மூச்சை உள்ளிழுத்து, முக்காற்பங்கு வெளியே விட்டு நிறுத்தினால், அங்கே ஒரு சிறு இடைவெளி கிடைக்கும். அவ்விடைவெளியில் உடம்பு இல்லை, பெயர் இல்லை, ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு கரும்புள்ளி மட்டுமே உண்டு. விரல் இழுப்பது தெரியாமல் இழுக்க வேண்டும். பிறகு கன்னத்தை எடுக்காமலேயே அடுத்த மூச்சு. பத்து மூச்சு, பத்துக் குண்டு.

என் மனைவி ரத்னாவதிக்கு அது பிடிக்கவில்லை.

"கொல்றதுக்குன்னே செஞ்ச சாமானுங்க அது. அத வூட்ல வெச்சிகினு காயிதத்ததான் சுடறேன்னு சொல்றீங்களே" என்றாள்.

கொலை கையில் இல்லை, கருத்தில் உள்ளது என்று நம் பெரியோர் சொல்லியிருப்பதை அவளுக்கு எடுத்துரைத்தேன். சினமும் செருக்கும் இல்லாத மனத்தால் செய்வது கொலையாகாது. சுடும்போது என் மனம் அவள் கோயிலில் நிற்கும்போது இருப்பதைவிட அமைதியாக இருக்கிறது என்றேன். அவள் நான் துப்பாக்கி துடைக்கும் துணியைத் தனியே துவைத்து உலர்த்தினாள்.

சேவூருக்கு அப்பால் கைவிடப்பட்ட செங்கற் சூளையொன்றின் பள்ளத்தில் எங்கள் களம் அமைந்தது. எதிரே இரண்டு ஆள் உயர மண்சுவர். அதன் முன்னே அட்டை மாட்டும் சட்டம். பக்கத்தில் ஆள் ஒடுங்கியிருக்க ஒரு குழி. என்னோடு சுட வந்தவர் அரிசி ஆலை நடத்தும் பரசுராமன் ஒருவரே. குழியில் இருந்தவன் குப்புராஜ்.

அவன் சேவூர்க்காரன், அட்டை குத்துவது தொழில். புடவைக் கரையில் மயிலோ மாங்காயோ விழ வேண்டுமானால், தறியின் மேலிருக்கும் ஜக்காடு பெட்டிக்குத் துளையிட்ட அட்டைகள் வேண்டும். எந்த இழை எழ வேண்டும், எது கிடக்க வேண்டும் என்பதை அத்துளைகளே தறிக்குச் சொல்லும். கட்டம் போட்ட தாளைப் பார்த்து இரும்புக் குத்தியால் துளை துளையாக அடிப்பான். ஒரு துளை பிசகினால் மயிலுக்குக் கழுத்து இராது. அவன் அடித்த அட்டையில் மயில் கழுத்திழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. துளைகளை எண்ணவும் அளக்கவும் இவனைவிடத் தக்கவன் இல்லையென்று நானே அவனை அமர்த்தினேன்.

நான் வகுத்த ஒழுங்கு இது. பத்துக் குண்டும் சுட்டானபின் நான் குரல் கொடுப்பேன். அவன் மூங்கிலில் கட்டிய சிவப்புத் துணியை உயர்த்திவிட்டுக் குழியிலிருந்து வெளிவருவான். அட்டையைக் கழற்றி, சட்டத்தின் ஓட்டைகளுக்கு அந்த மைதாப் பசையால் காகிதத் துண்டு ஒட்டி, புதிய அட்டை மாட்டுவான். துணி மேலே இருக்கும்வரை எவரும் துப்பாக்கியைத் தொடலாகாது. பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்விதி ஒருமுறையும் மீறப்பட்டதில்லை.

அவனிடம் குறை இல்லாமல் இல்லை. வாய் நிறைய வெற்றிலை. கடைவாயில் சாறு வழியும். புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே அட்டையை நீட்டுவான். நகக்கண்ணில் புளித்த பசை எப்போதும் காய்ந்திருக்கும். அட்டை விளிம்பில் பெருவிரல் அடையாளம் சிவப்பாய் விழும். நான் அட்டையை இரு விரல்களால் நுனியில் பிடித்து வாங்குவேன். அவன் அதைக் கண்டும் காணாதவன்போல், "சார் சுட்டா காயிதமே கும்புடுது சார்" என்பான்.

எழுபத்தொன்பது தை மாதத்தில் அந்த அட்டை வந்தது. பத்துத் துளைகளும் ஒரு நெல்லிக்காய் மறைக்கும் வட்டத்துக்குள் இருந்தன. பரசுராமன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாத்தியாரே, இனிமே எங்க மில்லுல எலி தொல்லைக்கி உங்களத்தான் கூப்புடணும்" என்றார்.

எலியைச் சுடுவதில்லை என்றேன். குப்புராஜ் சிரித்தான்.

ஓய்வுபெறும் விழாவில் தலைமையாசிரியர் அந்த அட்டையை உயர்த்திக் காட்டி, அறுநூறு மாணவர் முன்னிலையில், ஒருமுகப்பட்ட மனம் என்பது இதுதான் என்றார். கண்ணாடிச் சட்டமிட்டுக் கொடுத்தனர். என் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். எனக்கு மக்கட்பேறு இல்லை. காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது அதுவாகவே இருந்தது. பின்னர் நாளடைவில் அதுவும் மங்கிற்று.

கண்ணில் புரை வளர்ந்திருந்தது. இவ்வாண்டு மாசியில் வந்தவாசியில் நடந்த கண் முகாமில் வலக்கண்ணுக்கு அறுவை செய்துகொண்டேன். ஆறு வாரம் கழித்துத் தடித்த கண்ணாடி வந்தது. ஒரு புதன்கிழமை காலை அதனை அணிந்து முதன்முதலாக அந்த அட்டையைப் பார்த்தேன்.

ஈயக் குண்டு அட்டையைத் துளைத்தால் விளிம்பில் சாம்பல் நிற வளையம் படியும்; பின்புறத்தில் நார் பிய்ந்திருக்கும். நான்கு துளைகளில் அவை இருந்தன. ஆறு துளைகளில் இல்லை. அந்த ஆறும் வெட்டியெடுத்தாற்போல் வழவழப்பாக இருந்தன. சட்டத்தைப் பிரித்துப் பின்புறமும் பார்த்தேன். சேர்த்து வைத்திருந்த மற்ற அட்டைகளையும் பார்த்தேன். நண்பகல் ஆயிற்று. அன்று உண்ணவில்லை.

மாலையில் சேவூருக்குச் சென்றேன். குப்புராஜ் தன் வீட்டு முன்னறையில் குத்தியும் கையுமாக இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, பசை காய்ந்த விரல்கள் மூன்றை முகத்தெதிரே நீட்டினான்.

"சார், கண்ணு வந்திடுச்சா? இது எத்தினி வெரலு, சொல்லுங்க பாக்கலாம்."

நான் அட்டையை நீட்டினேன். அவன் விரல்கள் மெல்ல மடங்கின.

"உங்களுது நாலு சார். மிச்சம் ஆறு, அதுக்கு ஏத்தாப்பல நான் வெச்சது."

"எப்போதிலிருந்து?"

"எழுவத்தாறு பொங்கலுக்கு அப்பறம் சார். குண்டெல்லாம் செவுத்துக்குப் போய்கினு இருந்திச்சி. நீங்க அட்டைய பாத்துட்டு ஒண்ணுமே பேசாம சைக்கிள தள்ளிகினு போவீங்க. பாக்க பேஜாரா இருக்கும் சார். ஒரு நாளு ரெண்டு துளை சேத்துப் போட்டேன். அன்னிக்கி நீங்க பாடிகினே போனீங்க."

நான் பாடியதாக எனக்கு நினைவில்லை.

"இது வேறு எவருக்குத் தெரியும்?"

"மில்லுக்காரருக்குத் தெரியும் சார். அவருதான், வாத்தியாருக்கு வேற என்னாடா இருக்குது, உட்டுடுன்னாரு. வேற யாருக்கும் தெரியாது. நான் சாவற வரைக்கும் சொல்லமாட்டேன் சார்."

இரக்கம் என்பது உயர்ந்த பண்பு என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரக்கப்படுகிறவன் யார் என்பதும் பார்க்கத்தக்கது. எட்டாண்டுகள், ஞாயிறுதோறும், அந்தப் பசைக் கை என் மகிழ்ச்சியை அளந்து துளையிட்டு, வெற்றிலைச் சாற்றோடு என்னிடம் நீட்டியிருக்கிறது. நான் அதை வாங்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். பிறர் வாயில் மென்றதை உண்டவனுக்கு எவ்வாறு இருக்குமோ அவ்வாறு இருந்தது. வீட்டுக்கு வந்து வாயை ஏழெட்டு முறை கொப்பளித்தேன்.

அவன் வீட்டிலிருந்து நான் புறப்படும்போது அவன் சொன்னது இதுதான்: "இனிமே நெஜமாவே வுழும் சார். கண்ணுதான் வந்திடுச்சே. நான் குத்தியத் தொடமாட்டேன்."

ஞாயிறன்று வரச் சொன்னேன். புதனன்றே முடிவு செய்துவிட்டேன் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இடையில் மூன்று நாள்கள் இருந்தன. ஆகவே இது சினத்தால் செய்ததன்று. சினம் மூன்று நாள் நில்லாது.

ஞாயிறு காலை நீராடி, வணங்கி, உண்டு புறப்பட்டேன். சேவூர்ச் சாலையில் பட்டுக்கூடு அவிக்கும் கொட்டகை ஒன்றுண்டு. கொதிநீரில் புழுக்கள் வெந்து ஊதிக் கிடக்கும். அவற்றை வாரிக் கொட்டிய குவியலில் நாய்கள் நிற்கும். நாளொன்றுக்கு ஆயிரம் ஆயிரமாய் உயிரை வேகவைத்து முகூர்த்தத்துக்கு உடுத்துகிற ஊர் என்னைப் பார்த்து முகஞ்சுளிப்பது எனக்கு வியப்பளிக்கிறது. சூளைக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதையில் எறும்புச் சாரை ஒன்று குறுக்கே சென்றது. இறங்கி, மிதிவண்டியைத் தோளுக்கு உயர்த்திக் கடந்தேன். துப்பாக்கி முதுகில் இருந்தமையால் அது எளிதாக இல்லை.

களத்தில் குப்புராஜின் மனைவி சின்னபொண்ணு, கூழ்த் தூக்கோடு வந்திருந்தாள். "சார், இவர ஜல்தியா அனுப்பிடுங்க. கண்ணமங்கலத்துல பொண்ணு வூட்டுக்குப் போவணும், பேரனுக்கு மொட்ட போடறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆகட்டும் என்றேன். பரசுராமன் செய்யாற்றுக்குத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தார்.

முதற்பெட்டிக் குண்டுகளைச் சுட்டேன். குப்புராஜ் துணியை உயர்த்திவிட்டு அட்டையோடு வந்தான். இம்முறை அவன் எதையும் சேர்க்கவில்லை.

"மூணு சார். மொத நாளுதான, கண்ணாடி பழகணும். அடுத்த வாரம் அஞ்சு வுழும் பாருங்க."

சொல்லிக்கொண்டே என் தோளில் தட்டினான். வெள்ளைச் சட்டையில் நான்கு விரல்கள் பதிந்தன. அது புளித்த பசை. அந்தச் சட்டை தங்கள் வசம் உள்ளது. தாங்களே முகர்ந்து பார்க்கலாம்.

அவன் திரும்பிச் சென்று சட்டத்துக்குத் துண்டு ஒட்டலானான். நான் இரண்டாம் பெட்டியைப் பொருத்திக்கொண்டு படுத்தேன். சிவப்புத் துணி மேலே இருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லுமாறு வழக்கறிஞர் அறிவுறுத்தினார். எட்டாண்டுகளாக மங்கலாகவே கண்ட அத்துணியை அன்றுதான் தெளிவாகக் கண்டேன். அதன் ஓரத்துத் தையல்கூடத் தெரிந்தது. குப்புராஜ் திரும்பிப் பார்த்தான்.

"சார், துணி மேல இருக்குது சார்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. நான் மூச்சை உள்ளிழுத்து, முக்காற்பங்கு விட்டு, நிறுத்தினேன். அந்த இடைவெளி வந்தது. அதில் சினம் இல்லை, பகை இல்லை, குப்புராஜ் என்னும் பெயரும் இல்லை. நெற்றி நடுவே ஒரு புள்ளி. விரல் இழுப்பது தெரியாமல் இழுத்தது. அவனைக் கொன்றவன் நானே. ஒரே மூச்சு, ஒரே குண்டு.

ரத்னாவதி தன் தமையன் வீட்டுக்குச் சென்றுவிட்டாள். அன்றுமுதல் நீர் மட்டுமே அருந்துகிறாளாம். இந்த ஒரு மூச்சைப் பற்றி அவளிடம் விளக்க வாய்ப்புக் கிடைத்தால் அவள் உணவு கொள்வாள்.

பிணப் பரிசோதனை அறிக்கையைத் தாங்கள் படித்துக் காட்டினீர்கள். நெற்றியில் காயம் ஏதும் இல்லை என்றும், வயிற்றில் மூன்று, தொடையில் ஒன்று, ஓடும்போது முதுகில் ஒன்று, துண்டுக் காகிதம் ஒட்டியிருந்த உள்ளங்கையில் ஒன்று என்றும், மண்சுவரில் நான்கு என்றும் அதில் கண்டிருக்கிறது. அளந்தவர்கள் கவனமாக அளக்கவில்லை. அட்டையாக இருந்தால் நானே சரிபார்த்துச் சொல்லிவிடுவேன்.

நான் சுட்டது ஒன்று. மற்ற ஒன்பதைப் பற்றி நான் என்ன சொல்ல இயலும்? அது தானே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கி, ஐயா.