மேப்புக்குத் தெரியாத பாலம்

நிவேதிதா: கார் எடுத்த அன்னிக்கு ஷோரூம்ல வெச்சு என்கிட்ட என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?

ஜெகதீஷ்: நெறைய சொன்னேன். எது?

நிவேதிதா: "வண்டிக்குள்ளயே மேப் வருது நிவி, இனிமே வழியில எவனையும் கேட்க வேணாம்"னு. அதுக்கு நான் என்ன சொன்னேன்?

ஜெகதீஷ்: "கேட்டா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"னு...

நிவேதிதா: ம். அதேதான்.

வண்டி: முந்நூறு மீட்டரில் வலது புறம் திரும்பவும்.

நிவேதிதா: வலப்பக்கமா? நேராப் போனாத்தானே பட்டாபிராம், எங்கம்மா வீடு?

ஜெகதீஷ்: ரோடு மூடியிருக்குன்னு காட்டுது. பாரு, சிவப்புக் கோடு.

நிவேதிதா: ஓ... சரி. நகரு, வேற வழி போட்டுப் பார்க்கறேன். என்ன இது, எழுத்தெல்லாம் மங்கிப் போச்சு?

ஜெகதீஷ்: வண்டி ஓடறப்ப டைப் பண்ண விடாது. டிரைவர் கவனம் சிதறக் கூடாதுன்னு.

நிவேதிதா: நானா டிரைவர்? பக்கத்து சீட்ல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே!

ஜெகதீஷ்: அதுக்கு அதெல்லாம் தெரியாது.

நிவேதிதா: பெல்ட் போடலேன்னா மட்டும் கீ கீன்னு கத்துது. அப்ப மட்டும் நான் இருக்கறது தெரியுதாக்கும்?

ஜெகதீஷ்: அது... வேற சென்சார்.

நிவேதிதா: பக்கத்துல ஒருத்தி இருக்கான்னு தெரியுது. அவளை ஒரு வார்த்தை கேட்கத்தான் தெரியல. உன்னை மாதிரியே.

ஜெகதீஷ்: இப்ப என்னை எதுக்கு இழுக்கறே...

நிவேதிதா: போன்ல போட்டுப் பார்க்கட்டுமா?

ஜெகதீஷ்: வேணாம், வேணாம். சார்ஜ் போயிடும்.

நிவேதிதா: நிறைய இருக்கு.

ஜெகதீஷ்: இருக்கட்டும். இதுவே கொண்டு போய் விட்டுடும்.

நிவேதிதா: ...சரி.

ஜெகதீஷ்: அத்தைக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு?

நிவேதிதா: அம்மா மொட்டை மாடிக்கு ஏறி வடாம் காயப் போடறாங்க.

ஜெகதீஷ்: அப்ப நல்லா ஆயிடுச்சு.

நிவேதிதா: எப்பவோ ஆயிடுச்சு.

ஜெகதீஷ்: ம்.

நிவேதிதா: ம்முன்னா?

ஜெகதீஷ்: இல்ல... நல்லதுதான்.

நிவேதிதா: பக்கத்து வீட்டு பத்மா அக்கா கேட்டாங்க. "அம்மா ஆபரேஷனுக்குத்தானே வந்தே? உன் வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை ஆனா வர்றாரு, பூந்தமல்லி கூட்டிட்டுப் போய் டிபன் வாங்கித் தர்றாரு, திரும்பக் கொண்டாந்து இங்கயே விடறாரு. இது என்ன வழக்கம்?"னு.

ஜெகதீஷ்: நீ என்ன சொன்னே?

நிவேதிதா: குக்கர் விசில் அடிக்குதுன்னு உள்ள போயிட்டேன். நாளைக்கு ஆபீஸ்ல கோயம்புத்தூர் டிரான்ஸ்ஃபருக்குச் சரியா இல்லையான்னு சொல்லணும்.

ஜெகதீஷ்: நாளைக்கேவா?

நிவேதிதா: போனா ரெண்டு வருஷம்.

ஜெகதீஷ்: உன் இஷ்டம் நிவி. நல்ல சான்ஸ்.

நிவேதிதா: ஆமா. நல்ல சான்ஸ்.

வண்டி: நேராகச் செல்லவும்.

நிவேதிதா: நேரா சுவரு இருக்கு! எங்க வந்து நிக்கறோம்?

ஜெகதீஷ்: முத்தாபுதுப்பேட்டைப் பக்கம்னு நினைக்கறேன்... ரிவர்ஸ் எடுத்துடறேன்.

நிவேதிதா: கண்ணாடியை இறக்கு. வேர்க்கடலை விக்கிற அம்மா வர்றாங்க. வழி கேளு.

ஜெகதீஷ்: வேணாம் நிவி, நானே பார்த்துக்கறேன்...

கடலைக்கார அம்மா: இன்னா நைனா, இந்த வாரமும் வந்துகினியா?

ஜெகதீஷ்: அது... வழி...

கடலைக்கார அம்மா: போன ஞாயித்துக்கெயமையும் இதே சொவுத்துல முட்டிகினு நின்னே. அதுக்கு முந்தின வாரமும். மனை கினை பாக்க வந்துகிறீங்களா?

நிவேதிதா: இல்லம்மா, வழி தப்பிடுச்சு.

கடலைக்கார அம்மா: வாரா வாரமா தப்பும்? எங்க போவணும்?

நிவேதிதா: பட்டாபிராம்.

கடலைக்கார அம்மா: அட, பாலம் தொறந்து எம்மா நாளாவுது! ஏறி எறங்குனா பட்டாபிராம். உனுக்கு யாரும் சொல்லலியா நைனா?

ஜெகதீஷ்: ...ரெண்டு பொட்டலம் குடுங்கம்மா.

நிவேதிதா: நல்லா சூடா இருக்கு. இந்தா... ஜெகா, பாலம் திறந்தது உனக்குத் தெரியாது?

ஜெகதீஷ்: தெரியும். நசரத்பேட்டை நம்ம வீட்டுலேருந்து உன்னைக் கூப்பிட வர்றப்பல்லாம் அது மேலதான் வர்றேன்.

நிவேதிதா: அப்ப திரும்பிக் கொண்டு விடறப்ப மட்டும் ஏன் ஊரைச் சுத்தறே?

ஜெகதீஷ்: பாலம் கட்டறப்ப மூடின ரோடை இந்த மேப் இன்னும் மூடியே வெச்சிருக்கு. புதுசு போட்டுத் தர்றோம்னு சர்வீஸ் சென்டர்லேருந்து போன் மேல போன். நான்தான் போகல.

நிவேதிதா: ஏன்?

ஜெகதீஷ்: பாலத்துல வந்தா சட்டுனு உங்க வீட்டு வாசல் வந்துடுது. நீ இறங்கிடுவே.

நிவேதிதா: ஹஹ்ஹா...

ஜெகதீஷ்: சிரிக்கறியா?

நிவேதிதா: நான் பொறந்து வளர்ந்த ஊருடா அது. பாலம் திறந்ததுமே அம்மாவை ஆட்டோல உட்கார வெச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தெரியாதா? வாரா வாரம் தெரியாத மாதிரி நடிச்சேன்.

ஜெகதீஷ்: அப்ப ஏன் ஒரு வாரம்கூட வாயைத் திறக்கல?

நிவேதிதா: நீ எதுக்கு மேப் மாத்தலையோ, அதுக்குத்தான்.

ஜெகதீஷ்: நிவி...

நிவேதிதா: வீட்டுச் சாவி என்கிட்டயும் இருக்கு. வந்திருப்பேன். ஆனா, "போய் அத்தையைப் பார்த்துக்கோ"ன்னு அனுப்பினவன் "வா"ன்னு சொல்ல வேணாமா? நானா பெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னா, உனக்குத் தனியா இருந்தே பழகிப் போயிருந்தா?

ஜெகதீஷ்: பழகறதா! முடியாத அம்மாவை விட்டுட்டு வரச் சொல்றான்னு நினைச்சுடுவியோன்னு முதல்ல கேட்கல. அப்புறம், உனக்கு அங்கயே பிடிச்சுப் போச்சோன்னு... கேட்டு, நீ இல்லைன்னுட்டா?

வண்டி: முடிந்தவரை விரைவில் திரும்பவும்.

நிவேதிதா: முதல்ல அதை அணை.

ஜெகதீஷ்: அணைச்சுட்டேன்.

நிவேதிதா: இப்ப சொல்லு. முத்து ஒண்ணும் உதிராது.

ஜெகதீஷ்: பாலத்து மேலயே போறேன். அத்தைகிட்டயும் நானே பேசறேன். கோயம்புத்தூர்தான் வேணும்னா சொல்லு, நானும் அங்க ஒரு வேலை தேடிக்கறேன். ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னை இறக்கி விட்டுட்டு, காலி சீட்டோட திரும்ப என்னால முடியல... என்கூட வந்துடு, நிவி.