அந்த ஓட்டலுக்குப் பின்வாசல் எங்கே?

“இந்த ஓட்டலுக்குப் பின்வாசல் எந்தப் பக்கம்னு கேளு.”

நீடாமங்கலத்தில் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தபோது, எதிர் சீட்டுப் பெரியவர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். அந்தம்மா கையில் போன். நான் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தேன். அதற்குமேல் ஒரு வரி படிக்கவில்லை.

“பின்வாசல் எதுக்குங்க? ஸ்பெயின்ல நாம தங்குறதுக்கு மூணு ஓட்டல் படம் அனுப்பியிருக்கா உங்க பொண்ணு. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணைச் சொல்லணுமாம்.”

“நடுவுல முத்தம், சுத்தித் தூணு. நம்ம மிராசுதார் வீடு மாதிரியே இருக்கே.”

“அதுவும் பெரிய பண்ணை வீடாத்தான் இருந்துச்சாம். இப்ப ஓட்டலாக்கிட்டாங்களாம்.”

“பாத்தியா! மிராசுதார் வீட்டுல நெல்லுக் கூலிக்கு நான் எப்பவும் பின்வாசல்லதான் நிப்பேன். கூலி உசத்திக் கேட்ட வருசம், ஒரே ஒரு தடவ முன்வாசப்படியில கால வச்சேன். அன்னிக்கு வாங்குன அடி இன்னும் தோள்ல வலிக்குது.”

“அங்க நம்மள யாருக்குங்க தெரியும்?”

“அப்புறம் படத்துல வாசல்ல ஒரு ஆளு எதுக்கு நிக்கிறான்?”

“நம்ம பெட்டிய வாங்கி உள்ள தூக்கிட்டுப் போறதுக்குங்க.”

வண்டி கிளம்பியது. பெரியவர் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

“முத்தம் இருக்குற வீட்டுலயே ரூம் போடச் சொல்லு. ஆனா, ‘வேணாம்யா, நானே தூக்கிக்கிறேன்’னு அவங்க பாஷையில எப்படிச் சொல்றதுன்னு மொதல்ல கேளு. அது என் வாயில வந்தப்புறம்தான் நான் பிளேன் ஏறுவேன்.”