டென்ஸிலின் பங்கு

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மேலே காரை நிறுத்திவிட்டு நீங்களெல்லாம் இறங்கி வந்தீர்களே, அதே சந்து. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல்லும் புதருமாக வேலி. நடுவே ஒரு வண்டி போனால் எதிரே ஆடுகூட வர முடியாது. அக்டோபர் மாதம், சுற்றுலாக்காரர்கள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சந்தில் ஐந்து பேர் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்... முன்னூறு வருஷத்துக்கு முந்தைய கடற்கொள்ளையர் வேஷத்தில்.

நெருப்புக்குப் பக்கத்தில் வாருங்கள். இதை உரக்கச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

இது என் நண்பன் ரூவானின் சித்திக்கு நடந்தது. பெயர் லோவென்னா. என்னைவிட மூத்தவள், நேரில் மரியாதையாகத்தான் பேசுவேன். கதைக்குள் வந்துவிட்டதால் 'அவள்' என்கிறேன். போய்க் கோள் மூட்டாதீர்கள்.

கடற்கொள்ளையர் வாழ்க்கையை நடித்துக் காட்டுகிற நம் குழுவை ஆரம்பித்தவர்களில் அவள் ஒருத்தி. அப்போதெல்லாம் விதி ரொம்பக் கடுமை. அந்தக் காலத்தில் இல்லாத பொருள் எதுவும் இந்த மணலுக்கு வரக்கூடாது. கைபேசி, டார்ச், லைட்டர், எல்லாவற்றையும் மேலே காரிலேயே பூட்டிவிட வேண்டும். நெருப்பு வேண்டுமா, சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டு. யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று சோதிப்பது லோவென்னாவின் வேலை. சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்ப்பாள். மெஷின் தையல் என்று தெரிந்ததோ... தொலைந்தீர்கள்.

அவளுக்கு உயிருக்கு உயிரான சிநேகிதன் டென்ஸில். ஊரில் பேக்கரி வைத்திருந்தான். பக்கத்தில் வந்தால் வெண்ணெயும் மாவும் மணக்கும். கண்ணாடி இல்லையென்றால் எதிரே நிற்பது மனுஷனா மாடா என்று தெரியாது. சட்டையில் பிளாஸ்டிக் பொத்தான். இடது மணிக்கட்டில், சட்டைக்கைக்குள் ஒளித்து, ஒரு டிஜிட்டல் கடிகாரம். மணிக்கு ஒரு தரம் பீப் பீப் என்று கத்தும். அடுப்பில் ரொட்டி இருக்கிற நினைப்பிலேயே வாழ்ந்த மனுஷன். அதை மட்டும் கழற்றவே மாட்டான்.

அந்தக் கோடையில் ஒரு துறைமுகத் திருவிழா. நம் கேப்டன் பெட்ராக் கப்பல் மேடையில் ஏறி, வாளை உருவி, சாகப்போகிறவனின் கடைசி வசனத்தைப் பேசுகிறார். கூட்டம் மூச்சுக்கூட விடவில்லை. அப்போது பின்னால்... பீப் பீப். பக்கத்து மாவட்டமான டெவனிலிருந்து வந்த குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெட்ராக் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

அந்தக் கடுப்பு மூன்று மாதமாக ஆறவில்லை. கூடாரம் அடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"டென்ஸில், கோவிச்சுக்காதே. உன்னை வெச்சுக்கிட்டு எங்களால குப்பை கொட்ட முடியாது. அடுத்த வருஷத்துலேர்ந்து நீ வேடிக்கை பார்க்க வா, போதும்."

டென்ஸில் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"இந்த ரெண்டு நாளுக்காகத்தான் கேப்டன் நான் வருஷம் பூரா மாவு பிசையறேன்" என்றான்.

கிளெமோவும் அவன் மனைவி கெரெனும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லோவென்னாவின் புருஷன் செத்துப்போன குளிர்காலத்தில் தினமும் காலையில் வாசற்படியில் ஒரு ரொட்டி இருக்கும், துணியில் சுற்றி, சூடாக. டென்ஸில் கதவைத் தட்ட மாட்டான். வைத்துவிட்டுப் போய்விடுவான். அவனில்லாமல் என்ன குழு, என்ன வேஷம்?

அவள்தான் குறுக்கே புகுந்தாள். "விரட்ட வேணாம் கேப்டன். பழைய சட்டப்படியே தண்டனை குடுங்க. திட்டுல இறக்கி விடுங்க, கொஞ்ச நேரம் தனியா கெடக்கட்டும். அதோட எல்லாம் தீர்ந்துது. அப்புறம் இவனைப் பத்தி யாரும் வாயைத் தொறக்கக் கூடாது."

உங்களுக்குத்தான் தெரியுமே. கொள்ளையர் சட்டத்தை மீறினவனை ஆளில்லாத மணலில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடும். கையில் ஒரு குப்பி தண்ணீர், ஒரு துப்பாக்கி, ஒரே ஒரு குண்டு. நாமும் விளையாட்டாகச் செய்துதான் இருக்கிறோம். இதோ, எதிரே அந்த மணல் திட்டு. தண்ணீர் வடியும்போது வெளியே வரும், ஏறும்போது முழுகிவிடும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழம். படகில்தான் போக வேண்டும்.

பெட்ராக் யோசித்தார். சட்டப்படி என்ற வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டது. "சரி, ஒரு மணி நேரம்" என்றார்.

"ஒரு மணி நேரம்னு எப்படித் தெரியும்? கடிகாரம் யார்கிட்ட இருக்கு?" என்றான் டென்ஸில். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெட்ராக்கும்தான்.

பொழுது சாய்ந்ததும் லோவென்னாதான் துடுப்புப் போட்டு அவனைக் கொண்டுபோய் இறக்கினாள். கையில் குப்பி, தோளில் ஒரு கித்தான் பை. அவளுக்குச் சோதனைக்காரப் புத்தி போகவில்லை. கையை நீட்டினாள்.

"கண்ணாடியைக் குடு."

"அது இல்லாட்டி நான் குருடு லோவி."

"சும்மா உக்காந்திருக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? பீப் சத்தம் கேட்டதும் நான் வந்துடுவேன்."

"கேக்குமா கரைக்கு?"

"ஊரையே எழுப்பறது, அது கேக்காதா?"

கொடுத்துவிட்டான். இடுப்புப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டாள்.

அவள் கரை சேர்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. திட்டு போயிற்று. படகு போயிற்று. பக்கத்தில் நிற்கிற ஆளின் தொப்பிகூடப் பாதிதான் தெரிந்தது. லோவென்னா நெருப்போரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பீப் கேட்கட்டும் என்று...

பீப் கேட்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. ஈர மணலில், சளக் சளக் என்று.

டென்ஸில் நடந்து வந்தான். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

"டேய், எப்படிடா வந்தே?" என்றான் கிளெமோ.

"நடந்து."

"அவ்வளவு ஆழத்துலயா?"

"நடந்துதான்."

எல்லோருக்கும் நிம்மதி. இனி பனியில் படகு விட வேண்டாம். கெரென் ஒரு போர்வையைத் தூக்கிப் போட்டாள். நீங்களாக இருந்தால் அப்போது அவன் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். லோவென்னா சட்டையைப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் பொத்தான் இல்லை. கொம்புப் பொத்தான். கைத்தையல்... அவளே பொறாமைப்படுகிற மாதிரி, பொடிப்பொடியாக, ஒரே சீராக. கழுத்துப்பட்டியின் மடிப்பு, அக்குளில் வைத்த ஒட்டுத்துணி, எதிலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்குத் தெரியாமல் தைத்து, அந்தக் கித்தான் பையில் ஒளித்துக் கொண்டுபோய், தனியாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எல்லோரையும் அசத்த. தன்னைச் சந்தோஷப்படுத்த. அப்படித்தான் நினைத்தாள். நம்மவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

"கேப்டன், இந்தச் சட்டையைப் பாருங்க. இனிமே இவனை யாரு விரட்டறான்னு நான் பார்க்கறேன்" என்றாள்.

பெட்ராக் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டின கையைப் பிறகு நெருப்பில் காட்டிக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அது என்ன பொருள் என்பது போலப் பார்த்தான். பிறகு, கிழிசல் தைக்க நூல் கோக்க முடியாமல் கெரென் மடியில் போட்டிருந்த ஊசியை எடுத்து, அந்த நெருப்பு வெளிச்சத்தில், ஒரே தடவையில் நூல் கோத்துக் கொடுத்தான்.

அப்போதுதான் லோவென்னா அவன் பக்கமாக நகர்ந்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். வெண்ணெய் வாசனை இல்லை. மாவு வாசனை இல்லை. தார். ஊறிப்போன கயிறு. ரொம்ப நாள் திறக்காத பெட்டி.

சாப்பாடு இறக்கியாயிற்று. உப்புக்கண்டம் போட்ட பட்டாணிக் கஞ்சி. அதைப் பங்கு போடுகிற வழக்கம் இன்றைக்கும் உண்டு, சற்று முன் நீங்களே பார்த்தீர்கள். ஒருவன் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவான். இன்னொருவர் ஒவ்வொரு கிண்ணத்தையும் தொட்டு 'இது யாருக்கு' என்று கேட்பார். முதுகைக் காட்டுகிறவன் பார்க்காமலே பெயர் சொல்வான். பெரிய துண்டு யாருக்கு விழுந்தாலும் சண்டை கிடையாது. எல்லாக் கிண்ணமும் போய்ச் சேரும் வரை அவன் திரும்பக் கூடாது.

எப்போதும் டென்ஸில்தான் பெயர் சொல்வான். 'இது கேப்டனோட தொப்பைக்கு, இது கிளெமோவோட பூனைக்கு' என்று சிரிக்க வைத்துத்தான் சாப்பிட விடுவான். அன்றைக்கும் அவனே எழுந்துபோய்க் கடலைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

லோவென்னா முதல் கிண்ணத்தைத் தொட்டாள். "இது யாருக்கு?"

"பெட்ராக்."

"இது?"

"கெரென்."

"இது?"

"லோவென்னா."

லோவி என்று சொல்லவில்லை. இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவன் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இது?"

"கிளெமோ."

ஒரு கிண்ணம் மிச்சம். அவனுடையது. கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் வழக்கம் வழக்கம்தானே... அவள் அதையும் தொட்டாள்.

"இது யாருக்கு?"

"டென்ஸிலுக்கு" என்றான் அவன், திரும்பாமல். "மூடி வையுங்க. அவன் இன்னும் திட்டுலதான் நிக்கறான்."

அப்போது கடல் பக்கம், பனிக்குள்ளே, மெல்லிசாக...

பீப் பீப்.

லோவென்னா ஓடினாள். படகைத் தள்ளினாள். பெட்ராக் லாந்தரோடு பாய்ந்து ஏறினார். கிளெமோ போன் எடுக்க மேலே சந்தில் ஓட, கெரென் அந்த முதுகோடு தனியாக இருக்க மாட்டேன் என்று அவன் பின்னாலேயே ஓடினாள். லாந்தருக்குள் பட்டாணி அளவுக்கு ஒரு மெழுகுவர்த்திச் சுடர். அவ்வளவுதான் வெளிச்சம். டார்ச் கூடாதாம், விதியாம் விதி.

"டென்ஸில்!"

"லோவி..." குரல் வந்தது. இந்தக் குரல் அவனுடையதுதான். சந்தேகமே இல்லை. "முழங்கால் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு லோவி."

"வெளிச்சம் தெரியுதா? வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டே பேசு. பேசிக்கிட்டே இரு."

"ஒண்ணும் தெரியல. கண்ணாடி உன்கிட்ட இருக்கு."

அவளுக்கு உயிரே போயிற்று. குரல் வந்த பக்கம் துடுப்பை இழுத்தாள். அங்கே இல்லை. பனியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்? வலது பக்கம் கேட்டது, அப்புறம் பின்னால் கேட்டது. துடுப்பைக் கீழே குத்திப் பார்த்தாள், மணல் தட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் பேச்சு குறைந்தது. அப்புறம் பேச்சே இல்லை.

பெட்ராக் வாய்விட்டு அழுதார். "அந்தக் கடிகாரம் ஒரு தரம் கத்தினாப் போதும், ஒரே ஒரு தரம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஆனால் அது மணிக்கு ஒருமுறைதானே கத்தும்? இரண்டு பேரும் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரமும் காத்திருந்தார்கள்.

கேட்டது. பீப் பீப். தெளிவாக, ரொம்பப் பக்கத்தில்.

படகுக்குக் கீழே.

மீட்புப் படகுகள் விடியும் வரை தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை, இன்றுவரை. இவர்கள் கரைக்கு வந்தபோது நெருப்போரம் யாருமில்லை. ஐந்து கிண்ணங்களில் ஒன்று மட்டும் மூடியிருந்தது. லோவென்னா திறந்து பார்த்தாள். கஞ்சியிலிருந்து ஆவி வந்தது.

அதற்குப் பிறகு அவள் யார் சட்டையையும் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது புரிகிறதா, கொள்ளையர் முகாமில் நாம் ஏன் எல்லோரும் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறோம் என்று? சத்தத்தை மட்டும் அணைத்துவிடச் சொன்னது ஏன் என்று? யாருடைய கடிகாரமோ என்கிற குழப்பம் வரக்கூடாது, அதற்குத்தான்.

மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். படகோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு நம்மேல் கோபமெல்லாம் இல்லை. இடுப்புப் பையில் கண்ணாடி இருக்கிறது. பீப் கேட்டதும் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள், இல்லையா?

ஒன்பது ஆகப்போகிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசாதீர்கள். சத்தம் வந்தால் அவள் எழுந்து படகைத் தள்ளுவாள். உடனே போய் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், புரிந்ததா? போன வருஷம் நாலு பேர் போய்ப் பிடித்தோம். அவள் கையை எடுத்த பிறகும் படகு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் இழுத்துக்கொண்டிருந்தான்... எங்களுக்கு முதுகைக் காட்டியபடி.