வெந்நீரில் போகாத கறை

— கதவைத் திறங்க.

— குளிச்சுக்கிட்டு இருக்கேம்மா.

— தண்ணி ஊத்துற சத்தமே கேக்கலையே?

— சோப்புப் போடுறேன்.

— இவ்வளவு நேரமாவா? கரைஞ்சு போயிடப் போறீங்க. அப்புறம், கடையில துணி ஊறவைக்கிற பெரிய டப்பைக் காணோம். ஊரார் துணியெல்லாம் மலையாக் கெடக்கு.

— அது... இங்கதான் இருக்கு.

— அதை வச்சு அங்க என்ன பண்றீங்க?

— சும்மா... உக்காந்திருக்கேன்.

— டப்புலயா!

— வெதுவெதுன்னு தண்ணி விட்டு... உடம்பு அலுப்பும்மா. லாரி ஓட்டுறவனுக்கு இடுப்பு வலி வராதா?

— ஓட்டினாத்தானே வலிக்கும்? இந்த வாரம் வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்லையாமே.

— யார் சொன்னா?

— உங்க அருமை மச்சான்தான். என் தம்பிக்குப் பொய் சொல்ல வரும், சொன்ன பொய்யை ஞாபகம் வச்சுக்க வராது. வெளியூருக்கு லோடு ஏத்திட்டுப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டு எங்க போனீங்க?

— அது... லோடு கேன்சல் ஆயிடுச்சு.

— அப்போ வீட்டுக்கு வர வேண்டியதுதானே? எங்க போய்ப் படுத்தீங்க?

— உன் தம்பி ரூம்லதான். சத்தியமா.

— ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. சரி, என் கையில இப்ப என்ன இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்.

— கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு எனக்கு எப்படித் தெரியும்?

— உங்க நீலத் துண்டு. பழைய பேப்பர் கட்டுக்கு அடியில சொருகி வச்சிருந்தீங்களே, அது.

— அது கிரீஸும்மா.

— யாருகிட்ட? சலவைக்கடை வச்சிருக்கவகிட்டயா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறீங்களே! கிரீஸ் எது, பெயிண்ட் எது, ரத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? அதுவும் வெந்நீர்ல துவைச்சிருக்கீங்க. ரத்தக்கறையில வெந்நீர் பட்டா அப்படியே துணியோட ஒட்டிக்கும். பச்சத்தண்ணியில உப்பைப் போட்டு ஊறவைக்கணும். திருட்டுத்தனத்தையாவது ஒழுங்காப் பண்ணக் கூடாதா?

— மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். மார்க்கெட் ரோட்டுல ஏதோ லாரி ஒரு பெரியவரை இடிச்சிட்டு நிக்காமப் போயிடுச்சாம். ஊரே பேசுது. இங்க என்னடான்னா வண்டி ஷெட்டுல ஒளிஞ்சிருக்கு, நீங்க டப்புல ஒளிஞ்சிருக்கீங்க, துண்டுல ரத்தம். நான் என்னன்னு நினைக்கிறது?

— அடிப்பாவி! நானா?

— என்னைத் தொட்டுச் சொல்ற மாதிரி நினைச்சுச் சொல்லுங்க. யாரையாவது இடிச்சிட்டீங்களா?

— இத்தனை வருஷமா ஓட்டுறேன், ஒரு கோழியைக்கூட இடிச்சதில்லை.

— அப்போ இது யாரு ரத்தம்?

— ...என்னோடதுதான்.

— கையில காயம் இல்லை. கால்ல காயம் இல்லை. காலையிலதானே பார்த்தேன். அப்புறம் எங்க இருந்து வந்துச்சு?

— நீ பார்க்காத இடத்துல இருந்து.

— விளையாடாதீங்க. கதவை உடைச்சிடுவேன்.

— மூலம்டி! மூலம்! போதுமா? இப்ப நிஜமாவே பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

— ...

— சிரிக்கிறியா?

— இல்லை.

— சிரிப்பேன்னு தெரிஞ்சுதான் சொல்லலை. ஷெட்டுல தெரிஞ்சா "மெத்தை டிரைவர்"னு பேரு வச்சிடுவானுங்க, சாகுற வரைக்கும் போகாது. உன் தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். சின்னதா ரப்பர் வளையம் மாதிரி ஒண்ணைப் போட்டு இறுக்கி விட்டிருக்காங்க. அந்தச் சதை காய்ஞ்சு தானா உதிர்ந்திடுமாம்.

— உதிரும்போது ரத்தம் வருமா?

— கொஞ்சமா வரும்னுதான் சொன்னாங்க. ஆனா இன்னிக்கு...

— இன்னிக்கு?

— கொஞ்சம் கூடவே வந்துச்சு. பயந்துட்டேன். வெளிய வரவே மனசு வரலை.

— சொட்டுச் சொட்டாவா, கட்டி கட்டியாவா?

— சொட்டுதான். இப்ப நின்ன மாதிரி இருக்கு.

— எந்திரிச்சா கண்ணு இருட்டுதா?

— இல்லை.

— நிறம்?

— என்னது?

— நிறம் எப்படின்னு கேக்கிறேன். பளிச்சுன்னு சிவப்பாவா, இல்லை... கறுத்தாப்லயா?

— சிவப்புதான். டாக்டரம்மாவும் இதையேதான் கேட்டாங்க. பளிச்சுன்னு வந்து நின்னுட்டா பயமில்லையாம். நிக்காமக் கொட்டினாலோ, கறுத்துப் போய் வந்தாலோ வீட்டுல வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, உடனே வாங்கன்னாங்க.

— கறுத்து வந்தா... என்னவாம்?

— சில சமயம் அது மூலமாவே இருக்காதாம். உள்ளே வேற எங்கயாவது கோளாறு இருக்கலாமாம். குழாய் விட்டுப் பார்க்கணுமாம்.

— ...

— என்ன, போயிட்டியா?

— இங்கதான் இருக்கேன்.

— நின்னுக்கிட்டேவா? அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உக்காரேன்.

— வேண்டாம். நின்னுக்கிறேன்.

— நீயும் இப்பல்லாம் உக்காரவே மாட்டேங்குற. சாப்பிடும்போதுகூட நின்னுக்கிட்டேதான்... ஆமா, நீ எப்படி இதெல்லாம் வரிசையாக் கேட்ட? சொட்டா, கட்டியா, கண்ணு இருட்டுதா, நிறம் என்ன... உன் கடைக்கு டாக்டருங்க கோட்டு வெளுக்கப் போடுறாங்க, சரி. மூளையையும் சேர்த்தா போடுறாங்க?

— பேச்சை மாத்தாதீங்க. நான்தான் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— இப்ப என் முறை. இந்தக் கதவுக்குப் பின்னாடி ஒரு வாளி இருக்கு. மேல தட்டைப் போட்டு மூடி வச்சிருக்கு.

— அதைத் தொடாதீங்க. அது கடைத் துணி.

— கடைத் துணி கடையிலதானே ஊறும்? தட்டைத் தூக்கிப் பார்த்துட்டேன். பச்சத்தண்ணி. பக்கத்துலயே உப்புப் பாக்கெட்டு.

— ஒரு வாடிக்கைக்காரம்மா அவசரமாக் கேட்டாங்க, அதான் இங்கயே...

— அந்தம்மா பாவாடையில நான் வாங்கிட்டு வந்த பச்சை நாடா எப்படி வந்துச்சு?

— தட்டை மூடி வைங்க.

— உனக்கு மாசாமாசம் வர்றதுதான் நின்னு ரொம்ப நாளாச்சே. எல்லாத் துணியையும் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சியே. இளைச்சு அழகாயிட்ட, யாருக்காகடின்னு நான் வேற கிண்டல் பண்ணினேன். ஏம்மா... அழுறியா? இரு, துண்டை... துண்டு உன்கிட்டதான் இருக்கு. இரு, இதோ கதவைத் திறக்கிறேன்.

— திறக்காதீங்க. மூடியிருக்கும்போதே சொல்லிடுறேன். உங்க முகத்தைப் பார்த்தா சொல்ல வராது.

— சொல்லு.

— உங்களுக்கு வர்ற இடத்துலதான் எனக்கும் வருது. ரொம்ப நாளா. ஆனா... உங்களுக்கு மாதிரி சிவப்பா இல்லைங்க.