காணிக்குள் நட்ட போட்டுகள்

“நாய்க்குத்தான் போட் நட்டவளாம். ஆர் நம்புறது, அக்கா?”

திருநெல்வேலிச் சந்தையடியில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர்தான் அப்படிக் கேட்டார். அவர் மடியில் மரக்கறிப் பை இருந்தது.

“ஆற்றை காணியிலை?”

“அண்ணையின்ரை காணியிலை. அவர் கனடாவிலை, நான்தான் பாக்கிறன். பக்கத்து வீட்டுப் பெட்டை கேக்காமல் வந்து வரிசையா அறிவிப்புப் பலகையள் நட்டிருக்கிறாள். ஒண்டிலை ‘இரு’, மற்றதிலை ‘சுத்து’ எண்டு எழுதியிருக்கு.”

“நாய் வாசிக்குமோ, பிள்ளை?”

“வாசிக்கிறது அவளாம். நாய் அவளின்ரை இடப்பக்கம் ஒட்டி நடந்து, ஒவ்வொரு போட்டடியிலையும் சொன்னதைச் செய்யோணுமாம். அப்பிடியொரு நாய்ப் போட்டி இருக்காம், அதுக்குப் பழக்கிறாளாம்.”

“நம்பாதை. எங்கடை பக்கத்திலை காணி பிடிக்கப் போட் நட்டவை ஆர் திரும்பப் பிடுங்கினவை?”

“அதுதான் பயம். நாளைக்குக் காணி போனால் அண்ணைக்கு என்ன சொல்லுவன்?”

“நீ பிடுங்கி எறியன்.”

“எறியத்தான் போனனான். ‘உங்கடை நாயையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அன்ரி, முதல்லை ஒட்டி நடக்கப் பழக்குவம்’ எண்டு சிரிக்கிறாள்.”

“போகப் போறியோ?”

“ஓம், ஒவ்வொரு பின்னேரமும். எங்கடை நாயும் அதுக்குள்ளை நடந்தாத்தான், காணி ஆற்றையெண்டு அவளுக்கு விளங்கும்.”