தொடை வழியா, நெஞ்சு வழியா

கத்தாதேன்னு நர்ஸக்கா சொன்னா நான் என்னண்ணே பண்றது? உள்ள எங்கப்பாவோட நெஞ்செலும்ப அறுத்து வச்சிருக்காங்க. ஒன்பது மணிக்குக் கொண்டுபோனது. இதயத்த நிறுத்திட்டு மெஷின்ல ரத்தத்த ஓட்டுவாங்களாம். நீங்க என்னடான்னா டீ குடி டீ குடிங்கிறீங்க.

சரி, குடுங்க.

அந்தா நடக்குறாரே, அவரா உங்கப்பா? முந்தாநாள்தானே வால்வு வச்சாங்க! தொடையில சின்னதா ஒரு ஓட்டை. அது வழியாக் குழாய விட்டு, சுருங்கிப்போன பழைய வால்வுக்குள்ளயே புதுச விரிச்சுட்டாங்க. அவ்ளோதானே? எண்பது வயசா? எங்கப்பாவுக்கு எழுபத்துமூணுதாண்ணே. வயித்தெரிச்சலா இருக்கு. பொய் எதுக்குச் சொல்லணும்.

ஏன் பண்ணக் கூடாது, எங்கப்பாவுக்கும் தொடை வழியாப் பண்ணலாம்னுதான் டாக்டர் சொன்னாரு. ரெண்டையும் உடம்பு தாங்கும்னாரு. நெஞ்சத் தொறந்து தைக்கிற வால்வு எத்தன வருஷம் உழைக்கும்னு ரொம்ப காலமாப் பாத்து வச்சிருக்காங்க. குழாய்ல வைக்கிறத அவ்ளோ காலம் இன்னும் பாக்கல. சில பேருக்கு ஓரமாக் கசியும், பேஸ்மேக்கர் வேற வைக்க வேண்டி வரலாம். ஆனா மூணு நாள்ல வீடு. நெஞ்சத் தொறந்தா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு வாளி தண்ணி தூக்கக் கூடாது. எந்திரிக்கவே ஆள் வேணும்.

ஆள் இல்லாம என்ன? நான் இருக்கேன்ல. அம்மா போனதும் ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்த விட்டேன். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. பாதிப் படியில மூச்சு முட்டி நிப்பாரு, முதுகுல ஏத்திட்டுப் போவேன். கறிச்சாறு வச்சுக் குடுப்பேன். குடிச்சிட்டு என்ன சொல்வாரு தெரியுமா? ஆக்ஜோல் வச்சா கறி இன்னும் நல்லா வெந்திருக்கும்.

என் அண்ணன்தான். அக்தாவுல, அந்தக் கடலோர ஊர்ல, எண்ணெய்க் கம்பெனியில இருக்கான். வருஷத்துக்கு ஒரு வாட்டி கருவாடு கட்டிக்கிட்டு வருவான். அத பால்கனியில தொங்கவிட்டு, என் மூத்தவன் கொண்டாந்ததுன்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டுவாரு. நான் பக்கத்துலயேதான் நிப்பேன், கொடிக்கம்பி மாதிரி.

நம்ம கசாக் ஆளுங்கள்ல கடைக்குட்டிதானேண்ணே அப்பனோட இருக்கணும்? அது நான்தானே? ஆக்ஜோல் என்ன பண்ணான்? புது வீடு கட்டுனான். கடல் தெரியிற ரூம் ஒண்ண அப்பாவுக்குன்னு ஒதுக்குனான். ஆபரேஷன் முடிஞ்சு பத்தாம் நாள் ப்ளேனுக்கு டிக்கெட் போட்டான். ஒரே ஒரு டிக்கெட். அப்பா அதத் தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குனாரு. நீ எங்கடா இருப்ப, என்னடா திம்பன்னு ஒரு வார்த்த கேக்கல.

நெஞ்ச அறுத்தவரு பத்தாம் நாள் எங்க ப்ளேன் ஏறுறது? நீங்களே சொல்லுங்க.

ஏன்டா நெஞ்சத் தொறக்கணும்னு ஆக்ஜோல் போன்ல குதிச்சான். அப்பாவே முடிவு பண்ணிட்டாருன்னு சொல்லி வச்சுட்டேன். அப்பாகிட்ட போன் கெடையாது, எல்லாம் என் போன்தான்.

அவரேதாண்ணே கையெழுத்துப் போட்டாரு. நான் ஒண்ணும் கையப் பிடிச்சு இழுக்கல. அவரு சீனப் பக்கத்துலேர்ந்து வந்தவரு. நம்ம கசாக்கையே அரபி எழுத்துல எழுதுனாத்தான் படிப்பாரு. டாக்டருக்கு ரஷ்யன் மட்டுந்தான் வரும். அதனால என்னக் கூப்பிட்டு ரெண்டு தாள் குடுத்தாரு, ஒண்ணு நெஞ்சுக்கு, ஒண்ணு தொடைக்கு. ரெண்டையும் அப்பாவுக்கு நிதானமாப் படிச்சுக் காட்டு, எது வேணும்னு அவரே சொல்லட்டும்னாரு. அவரு வயசுக்கு நானா இருந்தா தொடைதான்னும் சொன்னாரு.

முதல் தாளப் படிச்சேன். அப்பா, வேற வழி எதும் இருக்காடான்னாரு.

இன்னொரு தாள் என் கையிலதாண்ணே இருந்துச்சு. படிக்கல.